ஸ்கிரீன்ஷாட்டில் தேயும் புள்ளி

ஆவடியில் பேருந்து நிலையத்தைச் சுற்றியும் புதிய ராணுவச் சாலையிலும் இருக்கும் ஜெராக்ஸ் கடைகளுக்கு இன்று தாளோடு வருபவர்கள் குறைவு. கையில் போனோ டேப்போதான் இருக்கும். பட்டா நகல் எடுக்க வந்தவர், கனரக வாகனத் தொழிற்சாலையின் அப்ரன்டிஸ் விண்ணப்பத்தை நிரப்பிய பையன், பள்ளிச் சுற்றறிக்கையைப் பலகையில் ஒட்ட வேண்டிய ஆசிரியை என்று பலதரப்பட்ட கூட்டம். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு 2024இல் தமிழக அரசே டேப் கொடுத்தது. ஆனால் கையில் இருப்பது பெரும்பாலும் ஆவணம் இல்லை, ஆவணத்தின் ஸ்கிரீன்ஷாட். கடைச் சுவரில் ஒரு வாட்ஸ்அப் எண் ஒட்டியிருக்கும். அதற்கு அனுப்பினால் கடைக்காரர் கணினியில் திறந்து பிரிண்ட் போடுவார். தாள் வந்ததும் பேச்சு தொடங்கும்.

“என்னண்ணா, இவ்ளோ மங்கலா இருக்கு? டேப்ல பளிச்சுனு இருந்துச்சே.”

“நீங்க அனுப்பினதே அப்படித்தான்மா வந்துச்சு. மெஷின் மேல தப்பு இல்ல.”

இதில் கடைக்காரர் பக்கம்தான் நியாயம் அதிகம். மங்கல் பிரிண்டருக்குள் தொடங்குவதில்லை. தாளை அது தொடுவதற்கு முன்பே இரண்டு இடங்களில் எழுத்து தேய்ந்துவிடுகிறது; மூன்றாவது தேய்மானம் மட்டும்தான் தாளில். அதைக் கண்டுபிடிக்கத் தமிழில் நல்ல அளவுகோல் ஒன்று கைவசம் இருக்கிறது: மெய்யெழுத்தின் தலையில் உட்காரும் புள்ளி. பக்கத்திலேயே மிகச் சிறிய பொருள் அதுதான். அது பிழைத்தால் மற்றதெல்லாம் பிழைக்கும். ஆவடி வட்டத்து ஊரான பருத்திப்பட்டின் பெயரை எழுதினால் மூன்று புள்ளிகள். மூன்றும் உதிர்ந்தால் தாளில் இருப்பது ‘பருததிபபடடு’. நாம் சிரித்துக்கொண்டே சரியாகப் படித்துவிடுவோம். ஓலைச்சுவடி காலத்தில் புள்ளியில்லாத ஏடுகளைப் படித்துப் பழகிய மரபுதானே. பட்டாவில் இருக்கும் தாத்தாவின் பெயரை ஆதார் அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் எழுத்தர் அப்படிப் படிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது டேப் தன் திரையைப் படம்பிடிப்பதில்லை. திரைக்கு அனுப்புவதற்காக நினைவகத்தில் அடுக்கி வைத்திருக்கும் எண்களின் பட்டியலைப் பிரதி எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் கண்ணாடியில் விழுந்த விரிசல் அதில் தெரியாது. வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருந்தாலும் படம் மங்காது. இரவில் கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று மஞ்சளாக்கி வைத்த நிறமும் பெரும்பாலும் அதில் வராது. வங்கிச் செயலிகள் சில, இந்தப் பக்கத்தைப் பிரதி எடுக்காதே என்று இயங்குதளத்துக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கும். அங்கே பட்டனை அழுத்தினால் எச்சரிக்கையோ கறுப்புப் பலகையோதான் கிடைக்கும்.

அந்தப் பட்டியலில் எழுத்து என்று எதுவும் கிடையாது என்பதுதான் முக்கியம். 1920க்கு 1200 பிக்சல் கொண்ட சாதாரண பத்து அங்குல டேப்பில் 23 லட்சம் கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் எவ்வளவு என்ற மூன்று எண்கள், அவ்வளவுதான். ‘ப’ என்ற எழுத்தின் வளைவைச் சொல்லும் கணக்கு ஃபான்ட் கோப்பில் இருந்தது. திரைக்கு வந்தபோது அது கட்டங்களாகக் கரைந்துவிட்டது. பிடிஎஃப் கோப்பு அப்படி இல்லை. பெரும்பாலும் அந்த வளைவுக் கணக்கையே உள்ளே வைத்திருக்கும். ராணுவத்துக்குச் சீருடை தைக்கும் தொழிற்சாலை ஆவடியில் இருக்கிறது. அங்கே தைத்து முடித்த சட்டையை இழுத்துப் பெரிதாக்க முடியாது, ஆனால் வெட்டும் அளவுக் குறிப்பு இருந்தால் எந்த உடம்புக்கும் புதிதாகத் தைக்கலாம். ஸ்கிரீன்ஷாட் தைத்த சட்டை.

இனி புள்ளியை அளந்து பார்க்கலாம். கணினிக்கென்று வடிவமைத்த பழைய இணையப் பக்கத்தைக் கைப்பேசி உலாவிகள் 980 பிக்சல் அகலம் உள்ளதாகப் பாவித்துத் திரைக்குள் அடக்குவது வழக்கம். டேப்பை நிமிர்த்திப் பிடித்தால் 1200 பிக்சல் அகலம் என்பதால், 16 பிக்சல் அளவு என்று குறித்த எழுத்து ஏறத்தாழ 20 பிக்சல் உயரத்துக்கு வரும். தமிழ் எழுத்தின் புள்ளி அதில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்தால், இரண்டே பிக்சல். அந்த இரண்டும் முழுக் கறுப்பாக இருக்காது. வட்டமான ஒன்றைச் சதுரக் கட்டங்களில் காட்ட ஓரங்களைச் சாம்பல் நிறமாக்கி ஏமாற்றுவது கணினிகளின் பழைய வித்தை. பெரிய எழுத்தில் ஓரம்தான் சாம்பல், உள்ளே கறுப்பு. புள்ளிக்கோ உள்ளே என்று சொல்ல இடமே இல்லை. அது ஓரமாகவே பிறந்து ஓரமாகவே முடிகிறது.

இது முதல் தேய்மானம். டேப் திரையில் இது கண்ணுக்குப் படாது. அங்குலத்துக்கு 224 பிக்சல் என்ற நெருக்கத்தில், பின்னாலிருந்து ஒளி வரும்போது, இரண்டு சாம்பல் கட்டங்களைக் கண் ஒரு புள்ளியாகக் கூட்டிப் பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவது தேய்மானம் நடப்பது வாட்ஸ்அப்பில். டேப்பிலிருந்து பிரிண்டருக்கு நேரே அனுப்பாமல் இந்தச் சுற்று வழி எதற்கு? அதற்கான காரணம் கடையின் மேசையிலேயே இருக்கிறது. இந்திய ஜெராக்ஸ் கடைகளில் பல காலமாக உழைக்கும் இரண்டு பிரிண்டர்கள் கேனான் எல்பிபி 2900, எச்பி லேசர்ஜெட் 1020. இரண்டும் ஒரே வகை டோனர் பெட்டியை ஏற்கும். விலை குறைவு, பழுது குறைவு, தூளை மறுபடி மறுபடி நிரப்பி ஓட்டலாம். இவை மலிவாக இருக்க ஒரு காரணம், இவற்றுக்கு மூளை கிடையாது. ஏ4 பக்கத்தை அங்குலத்துக்கு 600 புள்ளி என்று அச்சிட மூன்றரைக் கோடிப் புள்ளிகளைத் தீர்மானிக்க வேண்டும். புள்ளிக்கு ஒரு பிட் என்றாலும் 4.3 எம்பி. கேனான் 2900இன் நினைவகம் 2 எம்பி. பக்கத்தை வரைவது, எந்தப் புள்ளி கறுப்பு என்று முடிவெடுப்பது, அதைச் சுருக்கி அனுப்புவது எல்லாமே இணைத்திருக்கும் விண்டோஸ் கணினியின் வேலை. அந்த உரையாடலும் நிறுவனத்துக்கே உரிய தனி மொழியில்தான் நடக்கும். எச்பி 1020க்கு இன்னும் மோசம்: ஒவ்வொரு முறை சுவிட்ச் போடும்போதும் அது இயங்குவதற்கான நிரலையே கணினிதான் ஊட்டிவிட வேண்டும்.

டேப்புக்கு அந்த மொழி தெரியாது. 2010 ஏப்ரலில் ஐபேட் வந்தபோது அதற்கு அச்சிடவே தெரியாது. ஏர்பிரிண்ட் வசதி அந்த ஆண்டு நவம்பரில்தான் சேர்ந்தது. ஆண்ட்ராய்டில் அச்சுக்கான பொதுவான ஏற்பாடு 2013இல், 4.4ஆம் பதிப்பில் வந்தது. அதற்கு முன் திரையைப் பிடித்து, மெயிலில் போட்டு, கணினியில் திறந்து அச்சிடுவதுதான் பலருக்கு வழி. இன்றைய வைஃபை பிரிண்டர்களில் பல பொதுமொழி பேசுகின்றன. ஒரே வைஃபையில் இருந்தால் போதும், டேப் தானாகக் கண்டுபிடித்துவிடும். கடைக்காரர் மட்டும் ஏன் மாற வேண்டும்? நன்றாக ஓடும் இயந்திரத்தைத் தூக்கிப் போடுவது வியாபாரம் ஆகாது. ஆகவே டேப்புக்கும் பிரிண்டருக்கும் நடுவில் கணினி இருந்தே தீர வேண்டும். டேப்பிலிருந்து கணினிக்குப் போட்ட கேபிள் வாட்ஸ்அப்.

இந்தக் கேபிளில் கசிவு உண்டு. சாதாரணப் படமாக அனுப்பினால் நீளப் பக்கத்தை ஏறத்தாழ 1600 பிக்சலுக்குக் குறைத்துவிடும். 1200 அகலம் 1000 ஆகிறது. இரண்டு பிக்சல் புள்ளி ஒன்றே முக்கால்கூட இல்லை. அரைகுறைப் பிக்சல் என்று ஒன்று கிடையாது என்பதால் அந்தக் கறுப்பு அக்கம்பக்கத்துக் கட்டங்களில் கரைந்து, முன்பைவிட வெளிறுகிறது. அதோடு முடியவில்லை, படம் ஜேபெக் ஆகச் சுருங்குகிறது.

ஜேபெக்கின் உயிர்நாடியான கணக்குக்குச் சென்னையோடு ஒரு தொடர்பு உண்டு. 1974 ஜனவரியில் நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் மூவரும் எழுதிய சிறிய கட்டுரை ஒன்று கணிப்பொறி ஆய்விதழில் வந்தது. அகமது பெங்களூரில் பிறந்தவர். நடராஜன் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தவர். ராவ் கிண்டி பொறியியல் கல்லூரியில் 1952இல் பட்டம் பெற்று, பிறகு டெக்சாஸில் பேராசிரியராக வாழ்நாளைக் கழித்தவர். 1972இல் அகமது இதற்காக அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார், கிடைக்கவில்லை. யோசனை அளவுக்கு மீறி எளிமையாக இருக்கிறது என்று மதிப்பீட்டாளர் ஒருவர் கருதியதாக அகமதே பின்னாளில் எழுதினார். 1992இல் ஜேபெக் தரம் வந்தபோது இந்தக் கணக்குதான் அதன் நடுவில் இருந்தது. உலகில் தினமும் கைமாறும் புகைப்படங்களில் பெரும்பகுதி இன்றும் அதன் தயவில்தான் பயணிக்கிறது. எளிமைதான் குற்றம் என்று நிதி மறுக்கப்பட்ட யோசனைகளில் இதைவிட நன்றாகப் பழிதீர்த்துக்கொண்டது எனக்குத் தெரிந்து வேறொன்று இல்லை.

அந்த யோசனை இதுதான். படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் சதுரங்களாக வெட்டு. ஒவ்வொரு சதுரத்தின் 64 எண்களையும் 64 அலைகளின் கூட்டலாக மாற்றி எழுது. முதல் அலை அந்தச் சதுரத்தின் சராசரி வெளிச்சம். அடுத்தடுத்து வருபவை மெல்ல மாறும் அலைகள். கடைசியில் இருப்பவை கட்டத்துக்குக் கட்டம் கறுப்பு வெள்ளையாகத் துடிக்கும் நுண்ணலைகள். முகம், வானம், சுவர் என்று நாம் எடுக்கும் புகைப்படங்களில் இந்த நுண்ணலைகளின் பங்கு மிகக் குறைவு. அவற்றைத் தோராயமாக்கி அல்லது அடியோடு தூக்கிப் போட்டால் கோப்பு சிறுக்கும், கண் கண்டுபிடிக்காது.

வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து என்பது இதற்கு நேர் எதிரான படம். அதன் ஓரங்கள் வெடுக்கென்று மாறுபவை. அவற்றைக் கட்டிக் காப்பதே நுண்ணலைகள்தான். அவற்றைக் குறைத்தால் எழுத்தின் ஓரம் கரைவதோடு, பக்கத்திலிருக்கும் வெள்ளையிலும் சாம்பல் துகள்கள் தெறிக்கும். ஒன்றே முக்கால் பிக்சல் புள்ளிக்கும் அந்தத் துகளுக்கும் என்ன வித்தியாசம்? அளவில் எதுவும் இல்லை. புள்ளி தேய்கிறது, இல்லாத இடத்தில் புள்ளிபோல் ஒன்று முளைக்கிறது. சிவப்பில் எழுதிய எச்சரிக்கை வாசகமாக இருந்தால் இன்னும் பாடு அதிகம்: நிறத் தகவலை ஜேபெக் பெரும்பாலும் நீளத்திலும் அகலத்திலும் பாதியாக்கித்தான் வைத்துக்கொள்ளும். கண்ணுக்கு நிறத்தில் நுணுக்கம் பிடிபடாது என்ற நம்பிக்கை அதற்கு. பூவின் படத்தில் அந்த நம்பிக்கை பலிக்கும்.

எழுத்துள்ள படங்களுக்குப் பொருத்தமான பிஎன்ஜி 1996இல் வந்தது. அது எதையும் தூக்கிப் போடாது; ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் எண்களைச் சுருக்கமாக எழுதி வைக்கும், அவ்வளவே. வெள்ளைப் பரப்பு நிறைந்த பக்கம் அதற்கு அல்வா. ஐபேடும் பல ஆண்ட்ராய்டு டேப்களும் ஸ்கிரீன்ஷாட்டை பிஎன்ஜியாகவே சேமிக்கின்றன. சில டேப்கள் எடுக்கும்போதே ஜேபெக் ஆக்கிவிடுவதும் உண்டு. ஆனால் எப்படிச் சேமித்தாலும், படமாக வாட்ஸ்அப்பில் விட்டால் மறுபக்கம் ஜேபெக்தான் போய்ச் சேரும். இதனால்தான் அனுபவப்பட்ட கடைக்காரர், “டாக்குமென்ட்ல போட்டு அனுப்புங்க” என்று சொல்கிறார். அந்த வழியில் போனால் கோப்பை யாரும் தொட மாட்டார்கள், ஒரு பிட்கூட மாறாமல் வரும். 2023இல் சேர்ந்த எச்டி தேர்வு பிக்சலைக் கூட்டியது, சுருக்கத்தை விட்டுவிடவில்லை.

இனி மூன்றாவது தேய்மானம், தாளில். லேசர் பிரிண்டருக்குச் சாம்பல் நிறம் தெரியாது. மின்னூட்டம் ஏற்றிய உருளையில் லேசர் கதிர் படும் இடத்தில் டோனர் தூள் ஒட்டும், படாத இடத்தில் ஒட்டாது. பிறகு சூடான உருளைகள் தூளை உருக்கித் தாளோடு சேர்த்துவிடும். செஸ்டர் கார்ல்சன் 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியாவில் செய்துகாட்டிய முதல் ஜெராக்ஸ் நகலின் அடிப்படையும் மின்னூட்டமும் தூளும்தான். அதில் லேசரை நுழைத்தவர் ஜெராக்ஸ் நிறுவனத்தின் கேரி ஸ்டார்க்வெதர். தூள் உண்டு, அல்லது இல்லை. இடைப்பட்ட நிலை கிடையாது. சாம்பலைக் காட்ட வேண்டும் என்றால் பக்கத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்குள் சில இடங்களில் மட்டும் தூளை வைக்க வேண்டும். நாளிதழின் புகைப்படத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

அங்குலத்துக்கு 600 புள்ளிகளில் அச்சிடும் இயந்திரம், சாம்பலுக்கு அங்குலத்துக்குச் சுமார் நூறு கட்டங்கள் போடும். ஒரு கட்டம் ஆறுக்கு ஆறு, கால் மில்லிமீட்டர். நம் ஸ்கிரீன்ஷாட்டை ஏ4 தாள் முழுக்க நிரப்பினால் ஒரு பிக்சல் 0.15 மில்லிமீட்டருக்கு விரியும், புள்ளி 0.3 மில்லிமீட்டர். அதாவது எழுத்தின் புள்ளியும் சாம்பல் கட்டமும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஒரு சாம்பல் புள்ளிக்கு ஒரு கட்டம், அல்லது இரண்டு கட்டங்களின் ஓரம் கிடைக்கும். அந்தக் கட்டத்தில் தூள் எந்த மூலையில் விழும் என்பது இயந்திரத்தின் சாம்பல் ஒழுங்கைப் பொறுத்தது, தமிழ் இலக்கணத்தைப் பொறுத்தது அல்ல. ஒரு ‘ட்’டின் புள்ளி பிழைக்கும், அடுத்த வரி ‘ட்’டின் புள்ளி பிழைக்காது.

இதே எழுத்தை பிடிஎஃப் கோப்பிலிருந்து அச்சிட்டால் புள்ளியின் அளவு பெரிதாக மாறிவிடாது. அப்போதும் 0.3 மில்லிமீட்டர்தான். ஆனால் அதற்குக் குறுக்கே ஏழு டோனர் புள்ளிகள், ஒவ்வொன்றும் முழுக் கறுப்பு. சாம்பல் கட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கோப்பு கிடைக்காதபோது மீட்க வழியில்லையா என்றால், கொஞ்சம் உண்டு. எடுக்கும் முன்பே இரண்டு விரலால் பக்கத்தைப் பெரிதாக்கி, மேல்பாதி ஒன்று கீழ்பாதி ஒன்று என்று இரண்டு ஸ்கிரீன்ஷாட் எடுத்தால், உலாவி எழுத்தைப் புதிதாக வரைந்து தருகிறது. அதே புள்ளிக்கு நான்கைந்து பிக்சல் கிடைக்கும், நடுவில் உண்மையான கறுப்பும் இருக்கும். எடுத்த பிறகு பெரிதாக்குவதால் பயன் இல்லை. கடைக்காரர்கள் சிலர் படத்தைத் திறந்து கான்ட்ராஸ்டை ஏற்றிவிட்டு அச்சிடுகிறார்கள். சாம்பலைக் கறுப்பு அல்லது வெள்ளை என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால் பிரிண்டர் சாம்பல் கட்டத்தில் இறங்காது என்பதுதான் இதன் அறிவியல். நீளமாக உருட்டி எடுக்கும் ஸ்கிரீன்ஷாட் மட்டும் வேண்டாம். 1200 அகலம், 6000 நீளம் கொண்ட அதை ஒரே ஏ4 தாளில் அடக்கினால் இரண்டே கால் அங்குல ரிப்பனாக நடுவில் தொங்கும்.

ஒரே தாளில் எழுத்து தேய்ந்து க்யூஆர் கட்டம் மட்டும் நன்றாக வேலை செய்வதையும் பார்க்கலாம். 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் உருவானபோதே அதற்குப் பிழை திருத்தம் சேர்த்துவிட்டார்கள்; தேர்ந்தெடுத்த நிலையைப் பொறுத்து 7 முதல் 30 சதவீதம் வரை சேதமானாலும் படிக்கும். பணம் வாங்கும் யுபிஐ க்யூஆர் இந்தத் தேய்மானத்தை எல்லாம் பொருட்படுத்தாது. ஆதாரின் க்யூஆர் வேறு சாதி. அதற்குள் விவரங்களோடு புகைப்படமும் மின்னணுக் கையொப்பமும் இருப்பதால் கட்டங்கள் மிக நெருக்கம். பக்கத்துக்கு நூறு கட்டத்துக்கு மேல் உள்ள ஒன்று திரையில் 250 பிக்சலில் பிடிபட்டால், கட்டத்துக்கு இரண்டரை பிக்சல்கூட இல்லை. அதிலும் வாட்ஸ்அப் கைவைத்தால் ஸ்கேனர் கையை விரித்துவிடும். இ-ஆதார் பிடிஎஃப்பைத் திறக்க பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும் வேண்டும். அதைக் கடையில் சொல்லத் தயங்கித்தான் பலர் ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறார்கள். அனுப்பிய படம் கடைக் கணினியில் தங்கிவிடும் என்பதால் ரகசியம் காத்ததாகவும் ஆகாது. பிரிண்ட் வந்ததும் அழிக்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

கடைக்காரர்களை உண்மையில் கோபப்படுத்துவது புள்ளி அல்ல, டார்க் மோட். கேனான் 2900, எச்பி 1020 ஏற்கும் டோனர் பெட்டி 2000 பக்கம் வரும் என்று கணக்குப் போடுவது, பக்கத்தில் ஐந்து சதவீதம்தான் கறுப்பு என்ற அனுமானத்தில். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக வரும் ஸ்கிரீன்ஷாட்டில் தொண்ணூறு சதவீதம் கறுப்பு. பதினெட்டுப் பக்கத்துத் தூளை ஒரே தாள் குடித்துவிடும். கட்டணமோ ஒரு பக்கத்துக்குத்தான். பெயின்ட்டில் திறந்து கன்ட்ரோல், ஷிஃப்ட், ஐ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் மாறிவிடும் என்பது கடைக்காரர்களுக்குத் தெரிந்த வித்தை. வெறும் எழுத்துள்ள பக்கத்துக்கு அது போதும். விண்ணப்பத்தின் மூலையில் பையனின் புகைப்படம் இருந்தால் அதுவும் சேர்ந்து நெகட்டிவாகிவிடும். அப்போது கடைக்காரருக்கு வேறு வழி இல்லை: “தம்பி, டார்க் மோடை ஆஃப் பண்ணிட்டு இன்னொரு தடவை எடு. டாக்குமென்ட்ல அனுப்பு.”